நகரமும் எலும்புருக்கியும் – 6: செர்ரி தெருவின் இருட்டறைகள்

சென்ற பகுதியை 1882 மார்ச் 24-இல் நிறுத்தியிருந்தோம். அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை நுண்ணோக்கியின் அடியில் வைத்துக் காட்டினார். பகைவன் யாரென்று தெரிந்துவிட்டது. அவனைக் கொல்லும் மருந்து வர இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. எலும்புருக்கிக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைப் பலி கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மாநகரம் இந்த இடைக்காலத்தில் என்ன செய்தது என்பதே இந்தப் பகுதி. அந்த ஊர் நியூயார்க். அங்கே எண்ண ஆரம்பித்தார்கள்.

எண்ணியதன் பலன் 1900 பிப்ரவரியில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. செல்வந்தர்களின் வீதியான ஃபிஃப்த் அவென்யூவில் ஒரு கண்காட்சி. ஏற்பாடு செய்தவர் லாரன்ஸ் வெய்லர் என்ற இளைஞர், வீட்டு வசதிச் சீர்திருத்தத்தையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர். சுவர் முழுக்க நகரத்தின் வரைபடங்கள். ஒவ்வொரு குடியிருப்புக் கட்டடமும் தனித்தனியே வரையப்பட்டு, முந்தைய ஐந்து ஆண்டுகளில் அங்கே பதிவான ஒவ்வொரு காசநோயாளிக்கும் ஒரு கரும்புள்ளி வைக்கப்பட்டிருந்தது. சில வீடுகளின் மேல் புள்ளிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. நடுவில் ஓர் அட்டை மாதிரி: கிறிஸ்டி, ஃபோர்சைத், கேனல், பேயர்ட் ஆகிய நான்கு தெருக்களுக்கு இடையே இருந்த உண்மையான குடியிருப்பு ஒன்றை அப்படியே சிறிதாக்கிச் செய்தது. அந்த நாலு தெருவுக்குள் 39 கட்டடங்கள், 605 வீடுகள், 2,781 மக்கள். கழிப்பிடங்கள் 264. வெந்நீர்க் குழாய் இருந்தது 40 வீடுகளில். காற்றே புகாத இருட்டறைகள் 441. ஐந்தாண்டுகளில் அங்கே பதிவான காசநோயாளிகள் 32 பேர்.

பார்க்க வந்த சீமாட்டிகள் அதிர்ந்தார்கள் என்று எழுதலாம், அதிர்ந்தும் இருப்பார்கள். ஆனால் அந்த வரைபடத்தை நான் மதிப்பதற்குக் காரணம் வேறு. ‘இந்த நோயை நம் ஊருக்குக் கொண்டுவந்தவர்கள் யார்?’ என்று நகரம் கேட்டுக்கொண்டிருந்த நாளில், அது ‘எந்த வீட்டில்?’ என்று கேட்டது. இரண்டு கேள்விகளும் அடுத்த முப்பது ஆண்டுகள் மல்லுக்கட்டின.

முதலில் வீட்டைப் பார்ப்போம். மன்ஹாட்டனில் ஒரு மனை 25 அடி அகலம், 100 அடி நீளம். இதில் எத்தனை குடும்பங்களை அடைக்கலாம் என்பதே கட்டட முதலாளிகளின் கணக்கு. பழைய கட்டடங்களில் தெருப்பக்க அறைக்கும் கொல்லைப்பக்க அறைக்கும் மட்டுமே ஜன்னல். நடுவிலுள்ள அறைகளுக்குக் கதவுதான், ஜன்னல் கிடையாது. 1879-இல் வந்த ஒரு சட்டம், ஒவ்வோர் அறைக்கும் காற்று வர ஒரு திறப்பு வேண்டும் என்றது. நல்ல சட்டம்தான். அது வருவதற்குச் சற்று முன்பே, மாதிரி வரைபடத்துக்கு ஒரு கட்டடத்துறைப் பத்திரிகை போட்டி வைத்திருந்தது. ஜேம்ஸ் வேர் என்ற கட்டடக் கலைஞரின் படம் பரிசு வென்றது. உடுக்கையைப் போல இடை சிறுத்த கட்டடம் அது. இரண்டு கட்டடங்கள் ஒட்டி நிற்கும்போது, அந்த இடுப்புகளுக்கு நடுவே ஓர் இடுக்கு விழும். அதுவே காற்றுக் கூண்டு. ஒரு கட்டடத்தின் பங்கு 28 அங்குலம். ஐந்தாறு மாடி ஆழமுள்ள அந்தக் குழிக்குள் வெயில் இறங்குவதில்லை. குப்பை இறங்கியது, எதிர்வீட்டுச் சமையல் வாடையும் சண்டையும் ஏறின. தீப்பிடித்தால் புகைபோக்கியாகவும் அது மாறியது. ஒரு மாடியில் நான்கு குடும்பங்கள், 14 அறைகள். அவற்றில் தெருவையோ கொல்லையையோ பார்த்தவை நான்கே. மற்ற பத்தும் இந்தக் குழியை நம்பியவை. சட்டத்தைத் துளியும் மீறாமல் ஒரு தலைமுறைக்கே இருட்டு கட்டிக் கொடுத்தார்கள்.

காசநோய்க் கிருமி இருமலிலும் பேச்சிலும் காற்றில் கலந்து, காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். வெயில் பட்டால் சாகும். அப்படியொரு கிருமிக்கு வசதி செய்து கொடுக்க வேண்டும் என்று யாராவது உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தால்கூட, இதைவிடச் சிறப்பாகக் கட்டியிருக்க முடியாது. இதற்கு மேல் கூட்டம். கீழ் கிழக்குப் பகுதியின் பத்தாம் வட்டத்தில் ஏக்கருக்கு 500 பேருக்கு மேல் வசித்தார்கள். வாடகை கட்டுப்படியாகாமல், ஒவ்வொரு குடும்பமும் ஒன்றிரண்டு ஒண்டுக்குடிகளை வைத்துக்கொண்டது. பகலில் அதே அறை தையற்கூடம். ஒப்பந்தக்காரரிடமிருந்து வெட்டிய துணியைக் கட்டாக வாங்கி வந்து, குடும்பமே தைக்கும். பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி சூடாக்க அடுப்பு எரியும். நோயாளி படுத்திருக்கும் கட்டிலில் முடிந்த கால்சட்டைகளை அடுக்கிவைத்திருந்ததைப் பரிசோதகர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கால்சட்டையை வாங்குபவருக்கு நோய் தொற்றுமோ என்ற பயத்தில்தான் நடுத்தர வர்க்கம் தையற்கூடங்களைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கியது. தைத்தவனைப் பற்றிய கவலை பிறகு வந்தது.

எண்ணும் வேலையைத் தொடங்கியவர் ஹெர்மன் பிக்ஸ். நகர சுகாதாரத் துறையின் மருத்துவர். 1889-இலேயே, இரண்டு சகாக்களுடன் சேர்ந்து, காசநோய் பரம்பரையாக வருவதன்று, தொற்றுவது, தடுக்கக்கூடியது என்று துறைக்கு அறிக்கை கொடுத்தார். நகரத்தின் பெரிய டாக்டர்கள் பலர் அதை ஏற்கவில்லை. ஐந்து ஆண்டுகள் பொறுத்து, பொது மருத்துவமனைகள் தங்கள் நோயாளிகளின் பெயரையும் முகவரியையும் தெரிவிக்க வேண்டும் என்ற விதி வந்தது. சளி மாதிரியைத் துறையின் ஆய்வகத்தில் இலவசமாகச் சோதித்துக் கொடுத்தார்கள். மருந்துக் கடைகளில் அதற்கான குப்பி கிடைத்தது. இலவசம் என்றதும் டாக்டர்கள் அனுப்பினார்கள், அனுப்பிய ஒவ்வொரு குப்பியோடும் ஒரு முகவரி வந்து சேர்ந்தது. பிக்ஸ் ஒரு தேர்ந்த அரசியல்வாதியும்கூட. 1896-இல் டிராம் வண்டிகளிலும் பொதுக் கட்டடத் தரைகளிலும் எச்சில் துப்புவது குற்றமாயிற்று. 1897-இல் எல்லா டாக்டர்களும் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று விதி இறுகியது.

மருத்துவச் சங்கங்கள் கொதித்தன. நோயாளியின் ரகசியம் போயிற்று என்றன. அதில் நியாயம் உண்டு. நோயாளியே போய்விடுவான், அரசாங்க டாக்டரிடம் ஓடிவிடுவான் என்றும் பயந்தன. அதிலும் உண்மை உண்டு, கொஞ்சம் சில்லறைக் கணக்கும் உண்டு. மாநிலத் தலைநகர் ஆல்பனி வரை போய் அந்த அதிகாரத்தைப் பிடுங்கப் பார்த்தன, முடியவில்லை. ஆனால் பிக்ஸ் ஒரு சமரசம் செய்துகொண்டார். தனி டாக்டரிடம் காசு கொடுத்துப் பார்க்கிற நோயாளியின் வீட்டுக்கு, டாக்டர் வேண்டாமென்றால் பரிசோதகர் போவதில்லை. ஆக, கதவு தட்டப்பட்டது யாருடைய வீட்டில் என்று சொல்லத் தேவையில்லை. கண்காட்சியில் இருந்த கரும்புள்ளிகளை இதையும் நினைவில் வைத்துத்தான் படிக்க வேண்டும். பணக்காரனுடைய எலும்புருக்கி மலைவாசஸ்தலத்துக்குப் போயிற்று, ஏழையுடையது வரைபடத்தில் ஏறிற்று.

வரைபடத்தில் புள்ளிகள் மிக அடர்ந்த இடங்களில் ஒன்று, கிழக்கு நதிக்கரை அருகே செர்ரி, மார்க்கெட், கேதரின், ஹாமில்டன் தெருக்களுக்கு நடுவிலிருந்த குடியிருப்பு. அதற்கு ‘லங் பிளாக்’ என்று பெயர் நிலைத்தது. பெயரைப் பிரபலமாக்கியவர் எர்னஸ்ட் பூல். சிகாகோவின் வசதியான குடும்பத்துப் பிள்ளை, பிரின்ஸ்டனில் படித்து முடித்த கையோடு ஏழைகள் பகுதியில் சேவைக் குடியிருப்பு ஒன்றில் வந்து தங்கியவர். 1903-இல் அந்த நாலு தெருவுக்குள் படி ஏறி இறங்கி, ஒரு சிறு நூல் எழுதினார். அப்போது அவருக்கு 23 வயது. (பின்னாளில் நாவலுக்கான முதல் புலிட்சர் பரிசு இவருக்குத்தான் கிடைத்தது.) ஏறத்தாழ 4,000 பேர் வாழ்ந்த அந்த இடத்தில், ஒன்பது ஆண்டுகளில் 265 காசநோயாளிகள் பதிவாகியிருந்தார்கள். பதிவாகாதவர்களையும் சேர்த்தால் இன்னும் பெருகும் என்றார் பூல். ஒரு கட்டடத்தை அக்கம்பக்கத்தார் ‘மைக்கூடு’ என்றே அழைத்தார்கள். உள்ளே அத்தனை இருட்டு. ஒரு குடும்பத்தில் ஆள் செத்து அவர்கள் காலி செய்ததும், அடுத்த குடும்பம் அதே அறைக்குக் குடிவந்து, அதே நோய்க்கு ஆளானதை அவர் வீடு வீடாகச் சொன்னார். இடித்துப் பூங்கா ஆக்குங்கள் என்றும் கேட்டார். நகராட்சி செவி சாய்க்கவில்லை.

லங் பிளாக்கில் முன்பு அயர்லாந்துக்காரர்கள் இருந்தார்கள். பூல் போன காலத்தில் இத்தாலியர்கள் நிறைந்துகொண்டிருந்தார்கள். ஆட்கள் மாறினார்கள், புள்ளிகள் மாறவில்லை. கட்டடத்துக்கு எதிராக இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. ஆனாலும் நகரம் ஆட்களைத்தான் பார்த்தது. 1910-இல் நியூயார்க்வாசிகளில் பத்தில் நால்வர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இவர்கள்தான் நோயைக் கப்பலேற்றிக் கொண்டுவருகிறார்கள் என்பது பத்திரிகைகளிலும் சட்டசபைகளிலும் ஓயாமல் ஒலித்தது. 1907-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், அனுமதி மறுக்கப்படவேண்டியவர்கள் பட்டியலில் காசநோயாளிகளையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. வேடிக்கை என்னவென்றால், குடியேறிகளைச் சோதித்த எல்லிஸ் தீவில் டாக்டர்கள் இமையைப் புரட்டிப் பார்த்து டிராக்கோமா என்ற கண்நோய்க்காகத் திருப்பி அனுப்பியவர்களே அதிகம். காசநோய்க்காகத் திரும்பியவர்கள் மிகக் குறைவு. வரிசையில் நகர்கிற மனிதனைச் சில நொடி பார்த்துக் காசநோயைக் கண்டுபிடிக்க முடியாது என்பது ஒரு காரணம். வந்திறங்கியவர்களில் பெரும்பாலோர் கட்டுமஸ்தான இளைஞர்கள் என்பது இன்னொன்று. அவர்கள் இங்கே வந்து இளைத்தார்கள். ஆனால் அதே சட்டத்தில் ஒரு கொக்கி இருந்தது. வந்த மூன்று ஆண்டுக்குள் பொதுச்செலவில் வாழ நேர்ந்து, அதற்குக் காரணமான நோய் வருவதற்கு முன்பே இருந்தது என்று கருதப்பட்டால், நாடு கடத்தலாம். எந்தப் புதுக் குடியேறி தர்ம ஆஸ்பத்திரிக்குத் தானாகப் போய் நிற்பான்?

இப்போது கணக்கில் வந்த ஒரு புதிருக்கு வருகிறேன். ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்த யூதர்கள்தான் கீழ் கிழக்குப் பகுதியில் மிக நெருக்கமாக வாழ்ந்தவர்கள். தையல் தொழிலின் முதுகெலும்பு அவர்கள். எலும்புருக்கிக்கே ‘தையல்காரர் நோய்’ என்று ஒரு பெயர் உண்டு. எனவே அங்கே சாவு மிக அதிகமாக இருக்க வேண்டும். இல்லை. 1890 கணக்கெடுப்பை ஒட்டிச் சேகரித்த புள்ளிவிவரத்திலேயே, காசநோய்ச் சாவு விகிதத்தில் அயர்லாந்துக்காரர்கள் உச்சியில், ரஷ்ய, போலந்து யூதர்கள் அடியில். மாரிஸ் ஃபிஷ்பெர்க் என்ற மருத்துவர், தாமே ரஷ்யாவிலிருந்து வந்த யூதர், இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். பல நூற்றாண்டுகளாக ஐரோப்பிய நகரங்களின் நெரிசலான சேரிகளில் அடைபட்டு வாழ்ந்ததில் நோயைத் தாங்கும் சக்தி வந்திருக்கலாம் என்பது அவர் வாதம். மது குறைவு, சடங்குமுறைப்படி சோதித்த இறைச்சி என்று வேறு சிலர் காரணம் தேடினார்கள். எதுவும் முழுதாக நிரூபணமாகவில்லை. சாவு குறைவு என்பதால் துன்பம் குறைவு என்று அர்த்தமில்லை. நோயோடு நீண்ட நாள் இழுத்துக்கொண்டு கிடந்தவர்கள் ஏராளம். ஆனால் ‘வந்தேறிகளின் நோய்’ என்று ஒரே மூச்சில் பேசியவர்களின் வாதத்தில் இந்தக் கணக்கு பெரிய ஓட்டை போட்டது. ஆனாலும் யாரும் பேச்சை நிறுத்தவில்லை.

இத்தாலியர் கணக்கில் வேறு விதமான ஓட்டை. அவர்களுடைய சாவு விகிதமும் காகிதத்தில் குறைவாகவே தெரிந்தது. இதை நம்பாதீர்கள் என்று 1904-இல் எழுதினார் அன்டோனியோ ஸ்டெல்லா. தெற்கு இத்தாலியின் முரோ லுகானோ ஊரில் பிறந்து நியூயார்க்கில் தொழில் செய்த டாக்டர். புரூக்லின் பாலத்தை வரைந்து புகழ்பெற்ற ஓவியர் ஜோசப் ஸ்டெல்லாவின் அண்ணன். அவர் காட்டிய உண்மை எளிமையானது. மலைக்கிராமத்தில் வெயிலில் வளர்ந்த குடியானவன் இங்கே சுரங்கம் தோண்டுகிறான், கல் உடைக்கிறான். அவன் மனைவி இருட்டறையில் உட்கார்ந்து காகிதப்பூ செய்கிறாள். சில ஆண்டுகளில் இருமல் வருகிறது. அவன் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, கப்பலேறுகிறான். பிறந்த ஊரின் காற்று குணப்படுத்தும் என்ற நம்பிக்கை. இல்லாவிட்டாலும் சொந்த மண்ணில் சாகலாம். அப்படிக் கலாப்ரியாவிலும் சிசிலியிலும் செத்தவர்கள் நியூயார்க்கின் சாவுக் கணக்கில் வருவதில்லை. அமெரிக்கா நோயை இறக்குமதி செய்கிறது என்று அலறிக்கொண்டிருந்தபோது, உண்மையில் ஏற்றுமதி நடந்துகொண்டிருந்தது. இத்தாலியக் குடும்பங்கள் நோயை மறைத்ததும் ஸ்டெல்லாவுக்குத் தெரியும். எலும்புருக்கி வீடு என்று பெயர் வந்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது. நம் ஊரிலும் இதைக் கேட்காத தலைமுறை இல்லை.

மறைத்ததற்கு வேறு காரணமும் இருந்தது. கிழக்கு நதியில் நார்த் பிரதர் தீவு. அங்கே ரிவர்சைட் மருத்துவமனை. சொன்ன பேச்சு கேட்காத, இருக்கும் இடத்தைப் பிறருக்கு ஆபத்தாக்குகிற காசநோயாளியைப் பிடித்துப் போய் அங்கே அடைக்கும் அதிகாரத்தை 1903 முதல் சுகாதாரத் துறை பயன்படுத்தியது. டைஃபாய்டைப் பரப்பியவர் என்று பேர்பெற்ற ‘டைஃபாய்டு மேரி’யை 1907-இல் அடைத்ததும் இதே தீவில்தான். அடைக்கப்பட்ட காசநோயாளிகளின் எண்ணிக்கை பதிவானவர்களோடு ஒப்பிட்டால் சிறியது. அந்தப் பயமோ ஒவ்வொரு படிக்கட்டிலும் ஏறியது. வீடு தேடி வந்த தாதியை ஒரு கதவு வரவேற்கும், அடுத்த கதவு திறக்காது. லில்லியன் வால்ட் நடத்திய ஹென்றி தெரு அமைப்பின் தாதிகளுக்கு இது நன்றாகத் தெரியும். பால், முட்டை, பனிக்கட்டி கொண்டு போனால் கதவு திறந்தது. படிவம் மட்டும் கொண்டு போனால் திறக்கவில்லை.

வசதியும் துணையும் கிடைத்த சிலர் மேற்கே போனார்கள். டென்வரின் உலர்ந்த மலைக்காற்றுக்கு அப்போது பெரிய பேர். பொத்தான் துளை தைத்துப் பிழைத்த இத்திஷ் கவிஞர் டேவிட் எடெல்ஷ்டாட் அங்கே போய் 1892-இல் 26 வயதில் இறந்தார். அப்போது ஏழை யூத நோயாளிகளுக்கு அங்கே படுக்கை கிடையாது. நேஷனல் யூத மருத்துவமனையின் கட்டடம் எழும்பியும் பணமுடையால் மூடிக் கிடந்து, 1899 டிசம்பரில்தான் திறந்தது. காசு வாங்காத மருத்துவமனை. ஆனால் நோய் தொடக்கத்தில் இருப்பவர்களை மட்டுமே சேர்த்தது. அதை நடத்தியவர்கள் ஜெர்மானிய வழி வந்த வசதியான யூதர்கள்; முற்றியவர்களை என்ன செய்வது என்று கேட்ட கிழக்கு ஐரோப்பிய யூதத் தொழிலாளர்கள், 1904-இல் அதே ஊரில் தங்களுக்கென்று இன்னொரு மருத்துவமனையை நாணயம் நாணயமாகச் சேர்த்துக் கட்டினார்கள். முற்றிய நோயாளிக்கும் இடமுண்டு, யூத மத விதிப்படியான கோஷர் சாப்பாடு உண்டு. ஒரே மதத்துக்குள்ளேயே வந்த வரிசையும் வர்க்கமும் எப்படிப் பிளவாகின்றன என்பதற்கு டென்வரின் இந்த இரண்டு கட்டடங்கள் போதும்.

நியூயார்க் நகரமும் 1906-இல் ஓட்டிஸ்வில் என்ற ஊரில் தன் சானடோரியத்தைத் திறந்தது. ஓய்வு, வெளிக்காற்று, கொழுத்த சாப்பாடு. குடும்பத்தில் சம்பாதிக்கிற ஒரே ஆள் ஆறு மாதம் மலையில் படுத்திருந்தால் வாடகையை யார் கொடுப்பது என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. தேறித் திரும்பியவன் அதே தையற்கூடத்துக்கும் அதே அறைக்கும் திரும்பினான். நோயாளியை வீட்டிலிருந்து பிரித்தால்தான் குணமாகும் என்ற இந்த நம்பிக்கையை உடைத்தது நம் சென்னை. 1956-இல் தொடங்கிய ஆய்வில், 193 ஏழை நோயாளிகளில் ஒரு பாதியினர் சானடோரியத்திலும் மறுபாதியினர் தங்கள் நெரிசலான வீடுகளிலுமே மருந்து சாப்பிட்டார்கள். பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வீட்டாருக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. ஆனால் அதற்கு மருந்து இருக்க வேண்டியிருந்தது. பிக்ஸிடம் அது இல்லை.

வீட்டுக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் கிடைத்தது 1901-இல். வெய்லரின் கண்காட்சி அதற்கு வழிவிட்டது. உடுக்கைக் கட்டடம் இனிக் கூடாது. காற்றுக்கூண்டுக்குப் பதிலாக முறையான முற்றம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கழிப்பிடம். பழைய கட்டடங்களுக்கோ ஒட்டுப்போடும் வேலைதான். புதிதாக அமைந்த துறை எண்ணிப் பார்த்தபோது, நகரில் மூன்றரை லட்சத்துக்கு மேல் இருட்டறைகள் இருந்தன. எல்லாவற்றையும் இடிக்க முடியாது. எனவே, உள்சுவரில் ஜன்னல் வெட்டச் சொன்னார்கள். முன்னறைக்கு வரும் வெளிச்சம் அந்தத் துளை வழியாக நடு அறைக்குப் போகட்டுமாம். வீட்டுக்குள்ளிருந்து வீட்டுக்குள்ளேயே பார்க்கும் அந்த ஜன்னல்கள் பழைய கட்டடங்களில் இன்றும் இருக்கின்றன. வீட்டுக்காரர்கள் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றமும் போனார்கள்.

தொழிலாளர்கள் காத்திருக்கவில்லை. 1910-இல் மேலங்கித் தையல்காரர்களின் பெரிய வேலைநிறுத்தம். அதன் முடிவில் போட்ட ஒப்பந்தத்தில், தொழிற்சங்கமும் முதலாளிகளும் சேர்ந்து நடத்தும் சுகாதாரக் கண்காணிப்புக் குழு ஒன்று பிறந்தது. ஜார்ஜ் பிரைஸ் என்ற குடியேறி டாக்டர் அதை நடத்தினார். வெளிச்சம், காற்று, கழிப்பிடம் என்று பட்டறை பட்டறையாக ஏறிப் பார்த்தார்கள். 1913-இல் சங்கமே தன் மருத்துவ நிலையத்தைத் தொடங்கியது. பரிசோதனைக்குப் போனால் வேலை போகாது என்று சங்கம் நின்றதால், ஆட்கள் போனார்கள். பிக்ஸின் பதினைந்தாண்டு விதிகளால் திறக்காத சில கதவுகள் இப்படித் திறந்தன.

லங் பிளாக் 1933 வரை நின்றது. பூல் இடிக்கச் சொல்லி முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஃப்ரெட் ஃப்ரெஞ்ச் என்ற கட்டட அதிபர், பொருளாதார மந்தத்தின் நடுவே மத்திய அரசுக் கடன் வாங்கி, அந்த இடத்தைத் தரைமட்டமாக்கினார். 1934-இல் நிக்கர்பாக்கர் வில்லேஜ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது. உள்ளே விரிந்த முற்றங்கள். எல்லா அறையிலும் ஜன்னல். (பிற்பாடு உளவு வழக்கில் மின்நாற்காலிக்குப் போன ரோசன்பர்க் தம்பதி குடியிருந்தது இங்கேதான்.) ஓர் அறைக்கு மாத வாடகை 12.50 டாலர். செர்ரி தெருவில் பழைய கட்டடங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களால் அதைக் கொடுக்க முடியவில்லை. அவர்களில் பெரும்பாலோர் சில தெருக்கள் தள்ளி, 1901-க்கு முன் கட்டப்பட்ட இருட்டுக் கட்டடங்களிலேயே மீண்டும் குடியேறினார்கள்.

அடுத்த பகுதியில் ஸ்டேட்டன் தீவின் ஸீ வியூ மருத்துவமனைக்குப் போவோம். 1913-இல் திறந்த அந்த மருத்துவமனையிலிருந்து வெள்ளைத் தாதிகள் விலகியபோது, தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பினத் தாதிகள் வந்து அதைத் தாங்கினார்கள். 1952-இல் காசநோய்க்கான ஐசோனியாசிட் மாத்திரை தன் வேலையைக் காட்டியதும் அங்கேதான்.

(தொடரும்)